எட்டுச் சூளைகளுக்குக் கேட்டது

பச்சையப்பனின் தகப்பனார் எளாவூரில் தமுக்கு அடித்தவர். ஏலம், ஜப்தி, ஏரி மீன் குத்தகை, வரி கட்டக் கடைசி நாள் என்று மணியக்காரர் எதைச் சொன்னாலும் அதைத் தெருத் தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டியது அவர் வேலை. ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டால் காலங்காலமாக அப்படித்தான் என்பார்கள். காலங்காலமாக நடக்கும் அயோக்கியத்தனத்துக்கு இதைவிட நல்ல சமாதானத்தை இந்த நாட்டில் எவரும் கண்டுபிடித்ததில்லை.

மகன் தமுக்கைத் தொடவில்லை. ஆறாம் வகுப்போடு நின்று சென்னைக்குப் போனார். மூர் மார்க்கெட் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஏழு வருஷம் இருந்தார். முதலில் டீ வாங்கி வந்தார், பிறகு பெட்டிகளுக்குப் பாலிஷ் போட்டார், கடைசியில் வால்வு ரேடியோவின் வயிற்றுக்குள் கையை விட்டு எது செத்தது, எது பிழைத்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு ஆனார். 1965ல் ஊருக்குத் திரும்பியபோது பழைய ஆம்பிளிபயர் ஒன்றும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் அவரோடு வந்தன. அந்த ஆம்பிளிபயர் வீட்டுக் கரண்டிலும் ஓடும், கார் பேட்டரியிலும் ஓடும். செக்போஸ்ட் அருகில் வாடகைக் கார் ஓட்டிய குப்புராஜின் அம்பாசிடர் கூரையில் குழாய்களைக் கட்டிப் பின் சீட்டில் ஆம்பிளிபயரை வைத்துவிட்டால், ஆரம்பாக்கத்திலிருந்து கவரைப்பேட்டை வரை அவர் குரல் கேட்காத கிராமம் கிடையாது.

சினிமா, கட்சிக் கூட்டம், அம்மை ஊசி, காணாமல் போன எருமை. எழுதிக் கொடுத்ததைப் படிப்பார். நன்றாகப் படிப்பார். மைக் வைக்கப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும் என்பதால் கொடுத்த காகிதத்தைத் தாண்டிப் பேசமாட்டார். தகப்பனார் செய்ததும் அதைத்தானே என்று எவராவது சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். அவர் காரில் போனார். அதே ஊர்த் தெருவில் செருப்புக் காலோடு போனார். காருக்குள் இருக்கிற செருப்பைக் கழற்று என்று சொல்ல எந்த சாஸ்திரமும் எழுதப்பட்டிருக்கவில்லை.

1976 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீரராகவன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு தாள்.

"மேலக்கழனி சூளைங்கள்ல வாந்தி பேதிப்பா. காலையிலேர்ந்து அஞ்சு பேர் போயிட்டாங்க. உடனே சொல்லணும்."

மேலக்கழனியில் ஒன்பது செங்கல் சூளைகள் இருந்தன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஆலைக் கட்டடங்களுக்கெல்லாம் கல் அங்கிருந்துதான் போனது. தென்னாற்காட்டிலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் கூட்டி வந்த குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் கிடந்து கல் அறுத்தன. ஒன்பதையும் குத்தகைக்கு வைத்திருந்தவர் பஞ்சாயத்துத் தலைவர் துளசிராமன்.

மூன்று மணிக்குக் கார் கிழக்குச் சூளையில் நின்றது. பச்சையப்பன் தாளைப் பார்த்துப் படித்தார். "பொதுமக்களுக்கு அரசாங்க அறிவிப்பு. இப்பகுதியில் வாந்தி பேதி நோய் கண்டுள்ளது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். ஈ மொய்த்த பண்டங்களைத் தின்ன வேண்டாம்." மூன்று முறை படித்தார். ஆணும் பெண்ணும் மண் அச்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். குழாயிலிருந்து வரும் குரல் அவர்களுக்கு அரசாங்கத்தின் குரல். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மற்ற எட்டுச் சூளைகளும் மேற்கிலும் தெற்கிலும் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. கார் போகிற பாதை இரண்டுக்குத்தான் உண்டு. ஆனால் ஒரு மைல் தள்ளி இருந்த ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்றால் எட்டும் கண்ணுக்குத் தெரியும். கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் நேரம். காற்று குரலை எட்டுக்கும் கொண்டு போய்ச் சேர்க்கும். குப்புராஜ் காரை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். பச்சையப்பன் ஸ்விட்சைப் போட்டார். பெட்டிக்குள் வண்டு முரல்வது போன்ற சத்தம் எழுந்தது. "பொதுமக்களுக்கு" என்று தொடங்கினார். முரல் சத்தம் கனத்து உறுமலாகி நின்றுவிட்டது. பியூஸ் போய்விட்டது.

வேறு பியூஸ் போட்டார். ஒரு கணம் உறுமியது. அதுவும் போனது.

"ரெண்டு தட்டு தட்டுபா, வரும்" என்றார் குப்புராஜ்.

"தட்டறதுக்கு இது இன்னா உன் காரு கதவா?"

"இல்லபா, வெள்ளிக்கிழமை பழைய எலுமிச்சம்பழத்த எடுத்துட்டுப் புதுசு கட்டணும். மறந்துட்டேன். அதான் பேஜாரு பண்ணுது."

"உன் எலுமிச்சம்பழத்துல பன்னெண்டு வோல்ட்டு வருமாடா? வந்தா சொல்லு, பேட்டரியக் கழட்டிட்டு அதையே மாட்டிக்கறேன்."

பச்சையப்பன் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கரைமேல் ஒரு பெண் ஓடி வந்தார். தலைமுடி அவிழ்ந்து, முழங்கால் வரை செம்மண். சின்னப்பொண்ணு என்பது பெயர். கிழக்குச் சூளையில் கல் அறுக்கிறவர். காரின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"யோவ் மைக்குக்காரரே! இன்னாத்த சொல்லிட்டு வந்த நீ அங்க?"

"எழுதிக் குடுத்தத சொன்னேன். ஏம்மா?"

"நீ வாந்தி பேதின்னு சொன்னதும் எல்லாம் மேஸ்திரியாண்ட ஓடுதுங்க. சாராயத்துல மிளகு தட்டிப் போட்டுக் குடிச்சா வாந்தி பேதி கிட்டயே வராதாம். குடிக்காதவன்லாம் கேக்கறான். பொம்பளைங்க, கொழந்தைக்கு ஒரு ஸ்பூனு குடுன்றாளுங்க. இரு இரு, அஞ்சு மணிக்குக் கூலியோட தரேன்னு மேஸ்திரி சொல்லிக்கினு கீறான். நேத்து வந்த அதே பீப்பா. ஒம்போது சூளைக்கும் அதான்."

"அதுக்கு?"

"எம் புருசன் நேத்து அதத்தான் குடிச்சான். காலையில எழுந்து, விளக்கக் கொளுத்துடின்றான். யோவ், பொழுது விடிஞ்சி வெளிச்சமா கீதுயான்றேன். எங்கடி வெளிச்சம், எங்கடின்னு துழாவிக்கினே செத்தான். வாந்தி பேதியில கண்ணு பூடுமா? நீ படிச்சவன்தானே, சொல்லு. கண்ணு பூடுமா?"

பச்சையப்பன் திருப்புளியைக் கீழே வைத்தார். ரேடியோக் கடையில் பாலிஷ் கரைக்க ஒரு ஸ்பிரிட் வாங்குவார்கள். தகரத்தின்மேல் மண்டையோடு போட்டிருக்கும். பக்கத்துக் கடை ஆள் ஒருவர் அதைக் குடித்து, இரண்டாம் நாள் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்த ஆள் இல்லை.

காரைத் தொடர்ந்து சைக்கிளில் வந்து பனைமர நிழலில் நின்றிருந்த வீரராகவனிடம் போனார்.

"சார், இது வாந்தி பேதி இல்ல. ஸ்பிரிட்டு."

வீரராகவன் சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"காலையிலேயே தெரியும்பா. ஆனா மதுவிலக்கு இருக்கற ஜில்லாவுல சாராயச் சாவுன்னு எப்படி எழுதறது? எழுதினா யாரு வித்தான், யாரு விடச் சொன்னான்னு எல்லாம் வரும். மேல இருந்து வாந்தி பேதின்னு போடச் சொன்னாங்க, போட்டேன். காலம் எப்படி இருக்குதுன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கப்பா."

காலம் அப்படித்தான் இருந்தது. நெருக்கடி நிலை வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கண்ணால் பார்த்ததை இல்லை என்று எழுத எல்லா ஆபீசிலும் பேனாக்கள் மூடி திறந்து காத்திருந்தன. அது மட்டுமா? பேதிக்குச் சாராயம் மருந்து என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் இவர்கள் பக்கம் வரவிடாமல் வைத்திருந்தவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லாமலே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அறியாமையும் இந்தப் பொய்யும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தாளை எழுதியவர் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வெறும் பீப்பாவாக இருந்தால் குடிக்கிறவர்கள் மட்டும் செத்திருப்பார்கள். பச்சையப்பனின் குரல் போய்க் குடிக்காதவர்களையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியிருந்தது.

மணி மூன்றே முக்கால்.

"நான் திரும்ப ஓடறேன்" என்றார் சின்னப்பொண்ணு. "அண்ணே, நீ மைக்குல சொல்லு. நான் சொன்னா, புருசன் செத்து புத்தி கெட்டுப்போச்சுன்னுவானுங்க. உன் குழாய்தான் அவுங்களுக்கு சாமி."

அவர் ஓடினார். வீரராகவன் சைக்கிள் இருக்கும் திசையில் மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார். பச்சையப்பன் பின் சீட்டில் மண்டியிட்டார்.

கார் பேட்டரி கொடுப்பது பன்னிரண்டு வோல்ட். ஆம்பிளிபயரின் வால்வுகளுக்கு வேண்டியது முந்நூறு. இடையில் சோடா மூடித் தகரத்தால் செய்தது போன்ற ஒரு சின்ன உருளை, வைப்ரேட்டர், செருகப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய நாக்கு நொடிக்கு நூறு தடவை அப்படியும் இப்படியும் அடித்து மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கித் தரும். துண்டானதை டிரான்ஸ்பார்மர் பெரிதாக்கும். பெரிதானதை ஒரு வால்வு நேராக்கும். அந்த நாக்கு அடிக்கும் சத்தம்தான் வண்டின் முரல். இப்போது இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி மின்சாரத்தை மொத்தமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வைப்ரேட்டரைச் சந்தேகப்பட்டார். டப்பாவில் மாற்று ஒன்று இருந்தது. பிடுங்கி மாற்றினார். கடைசி பியூஸ். உறுமல், பளிச்சென்று ஒரு பொறி, அமைதி.

"போச்சா?" என்றார் குப்புராஜ்.

"வைப்ரேட்டர் இல்ல."

"ஒரு ஆணிய வெச்சி இறுக்கு. எம் மச்சான் லாரியில அப்பிடித்தான் ஓட்டறான்."

"ஆணி எரியாது. டிரான்ஸ்பார்மர் எரியும். அது எரிஞ்சா சென்னைக்குத்தான் போவணும்." ஒயரின் தோலைப் பல்லால் உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பிகளில் மூன்றை மட்டும் பிரித்துப் பியூஸ் இருக்கும் இடத்தில் சுற்றினார். மண்டைக்குள் ஒரு ஸ்பூனும் ஒரு குழந்தை வாயும் வந்து வந்து போயின. அவற்றைத் தள்ளிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் யோசிக்க வேண்டும். ரேடியோ யாருடைய அழுகைக்கும் பழுதைச் சொல்லாது. கேட்கிற முறையில் கேட்டால் சொல்லும்.

நேராக்கும் வால்வைப் பிடுங்கினார். இப்போது ஸ்விட்சைப் போட்டும் கம்பி எரியவில்லை என்றால் பழுது வால்வுக்கு அப்பால். எரிந்தால் இப்பால். போட்டார். எரிந்தது.

"இப்பால்" என்றார் தனக்குள். டிரான்ஸ்பார்மருக்கும் வால்வுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பொருள். விரல் நீளக் கண்டென்சர். நாக்கு ஒவ்வொரு தடவை பிரியும்போதும் எகிறும் மின்சாரத்தை அது வாங்கித் தாங்கிக்கொள்ளும். விரலை வைத்தார். சுட்டது. ஓரத்தில் மெழுகு உருகி வழிந்திருந்தது.

அதன் ஒரு காலை வெட்டிவிட்டு, புதிதாகக் கம்பி சுற்றி ஸ்விட்சைப் போட்டார். வண்டு முரன்றது. சுத்தமான முரல். உடனே அணைத்தார்.

"வந்துச்சு! அப்பிடியே ஓட்டுபா!" குப்புராஜ் மைக்கைத் தூக்கி நீட்டினார்.

"இது இல்லாம ஓட்டினா ரெண்டு நிமிசம்தான். உள்ள இருக்கற நாக்கு பொறி பறந்து ஒட்டிக்கும். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"ரெண்டு நிமிசத்துல சொல்லு."

"எட்டு சூளைக்காரனும் ரெண்டு நிமிசத்துல நம்புவானா? முதல்ல நானே பொய் சொல்லியிருக்கறேன்."

அந்த வகைக் கண்டென்சர் எளாவூரில் கிடைக்காது. கும்மிடிப்பூண்டியிலும் கிடைக்காது. சாதாரண ரேடியோவில் இருப்பது ஒன்று தாங்காது. ஆனால் இரண்டைத் தொடராக முறுக்கிப் போட்டால் ஆளுக்குப் பாதியாகத் தாங்கலாம். அரை மைலில் மேலக்கழனி பஞ்சாயத்து ஆபீஸ். அங்கே கம்பிக் கூண்டுக்குள் பஞ்சாயத்து ரேடியோ.

காரில் போய் இறங்கியபோது மணி நாலேகால். ஆபீஸ் பூட்டியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துளசிராமன் எழுந்திருக்கவில்லை.

"சாவி வேணுங்க. ரேடியோவுல ரெண்டு சாமான் வேணும். ராத்திரிக்குள்ள திருப்பிப் போட்டுடறேன்."

"எதுக்குடா? அதான் வாந்தி பேதின்னு சொல்லியாச்சே. காதால கேட்டேன்."

"அது வாந்தி பேதி இல்லீங்க. உங்க மேஸ்திரி குடுக்கற சரக்கு. அஞ்சு மணிக்கு மறுபடியும் குடுக்கப் போறான். ஆள் அனுப்பி நிறுத்துங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மைக்கே வேணாம்."

துளசிராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேஸ்திரி இன்னா குடுக்கறான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதத நீ மைக்குல சொல்லாத. ரேடியோ ஆறு மணிக்குத்தான். போ."

பச்சையப்பன் காருக்குத் திரும்பி ஜாக்கியின் இரும்புத் தண்டை எடுத்துக்கொண்டார். நேராக ஆபீஸ் வாசலில் ஏறினார். பூட்டின் வளையத்துக்குள் தண்டைக் கொடுத்து ஒரே நெம்பு. துளசிராமன் கத்தினார். தகப்பன் பெயரைச் சொல்லி, சாதியைச் சொல்லி, நுழையாதே என்று கத்தினார். பஞ்சாயத்து ரேடியோவில் பாட்டும் செய்தியும் பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் பொது. காலனிக்காரர்கள் மட்டும் தெருமுனையில் நின்று கேட்க வேண்டும். பச்சையப்பன் முதல் தடவையாக அதன் முன்னால் நின்றார். நின்று பார்க்க நேரமில்லை. கூண்டை வளைத்தார், பின்பலகையைப் பிய்த்தார், வேண்டிய இரண்டை வெட்டி எடுத்தார். வெளியே வந்தபோது நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கையில் இரும்புத் தண்டு இருந்ததால் வழிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் குப்புராஜ் சொன்னார். "லைசென்ஸு போச்சு உனக்கு. ஒருவேளை காரும் போச்சு எனக்கு."

"இறங்கிக்கிறியா?"

"ஓட்டிக்கினு கீறேன் இல்ல? கம்முனு உக்காரு."

ஏரிக்கரையில் ஈயம் உருக்கி ஒட்ட நேரமில்லை. இரண்டு கண்டென்சர்களையும் காலோடு கால் முறுக்கினார். வெட்டிய இடத்தில் முறுக்கிச் சேர்த்தார். குப்புராஜின் கிழிந்த டயர் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டினார். ஸ்விட்ச். முரல் வந்தது. முன்பைவிடச் சற்றுக் கரகரப்பு. பத்து எண்ணினார். இருபது. விரலை வைத்தார். சுடவில்லை.

நாலு ஐம்பது.

முதலில் கிழக்குச் சூளைக்குக் காரை ஓட்டலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அங்கேதான் அவர் தம் வாயால் அந்தப் பொய்யைப் பக்கத்தில் நின்று சொன்னார். ஆனால் அந்தப் பாதையில் கார் குலுங்கினால் முறுக்கு அவிழும். இங்கே எட்டு, அங்கே ஒன்று. சின்னப்பொண்ணு ஓடியிருக்கிறார். எட்டுக்குச் சொல்லிவிட்டு அங்கே போவோம் என்று முடிவெடுத்தார். பிறகு அவர் வாழ்ந்த காலமெல்லாம் அந்த முடிவு சரியா என்று கேட்டால், "கணக்கு சரி" என்று மட்டும் சொல்வார்.

மைக்கை எடுத்தார். பார்த்துப் படிக்கக் காகிதம் இல்லை. பத்து வருஷத்தில் காகிதம் இல்லாமல் அவர் மைக்கைப் பிடித்ததில்லை.

"நான் எளாவூர் பச்சையப்பன் பேசறேன். தமுக்கு அடிக்கறவர் மகன். இதுக்கு முன்னாடி நான் சொன்னது பொய்யி. வாந்தி பேதி இல்ல. உங்களுக்கு மேஸ்திரி குடுக்கற சாராயத்துல விஷம் கீது. அதக் குடிச்சி அஞ்சு பேர் செத்துட்டாங்க. குடிக்காதீங்க. மிளகு போட்டும் குடிக்காதீங்க. கொழந்தைக்கு ஒரு சொட்டு குடுக்காதீங்க. நேத்து குடிச்சவங்க கண்ணு மங்கலா தெரிஞ்சா, வயித்த வலிச்சா, படுக்காதீங்க. ரோட்டுக்கு ஓடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் சொல்றது கவர்மெண்டு சொல்லு இல்ல. நான் பார்த்தத சொல்றேன். முன்ன சொன்னது பொய்யி. இப்ப சொல்றது நெசம்."

திரும்பத் திரும்பச் சொன்னார். தொண்டை கட்டியது. தெற்குச் சூளையில் கூலிக்கு நின்ற வரிசை கலைவது மேட்டிலிருந்து தெரிந்தது. மேற்கே யாரோ ஒருவர் எதையோ ஓங்கித் தரையில் அடித்தார். தோப்புகளுக்கு நடுவிலிருந்து ஆட்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போவது எறும்புச் சாரி போலத் தெரிந்தது. குப்புராஜ் இறங்கி ஓடி, செக்போஸ்டில் வரிசையில் நின்ற லாரிக்காரர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார். ஒரு டிரைவர், "இன்னா நைனா, பொணம் ஏத்தற வண்டியா இது?" என்றாராம். "பொணம் ஆவறதுக்கு முன்னாடி ஏத்துடா" என்று குப்புராஜ் சொன்னாராம். ஏற்றினார்கள். ஆறு லாரிகள்.

முறுக்கு தாங்கியது. மூன்று கம்பியும் தாங்கின. இருபத்தைந்து நிமிஷத்தில் பேட்டரி இறங்கிக் குரல் அடித்தொண்டைக்குப் போனது. குப்புராஜ் திரும்பி வந்து கைப்பிடியைச் சுற்றிக் காரைக் கிளப்பினார். கரையிலிருந்து இறங்கும் இடத்தில் துளசிராமனின் டிராக்டர் குறுக்கே நின்றது. அதன் பின்னால் போலீஸ் ஜீப்.

"கிழக்கு சூளைக்கு மட்டும் போவணும் சார். பத்து நிமிசம். அங்க காத்து எதிர்க்காத்து, கேட்டிருக்காது. அப்பறம் எங்க வேணாலும் வரேன்." பச்சையப்பன் கைகூப்பினார். பிறகு காலைப் பிடித்தார். அதுவரை அவர் வாழ்க்கையில் எவர் காலையும் பிடித்ததில்லை. பூட்டு உடைத்த ஆளைப் பத்து நிமிஷம் விட அவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. பீப்பாவுக்கு மட்டும் இரண்டு நாளாக இடம் தந்திருந்தது.

கிழக்குச் சூளையில் சின்னப்பொண்ணு குடிசை குடிசையாகப் போய்க் கத்தியிருக்கிறார். மேஸ்திரி சிரித்திருக்கிறார். அரசாங்கக் கார் வந்து மைக்கில் சொன்னதா நிஜம், தாலி அறுத்தவள் பினாத்துவதா நிஜம்? ஒரு சாராயப் பானையைக் கல்லால் உடைத்திருக்கிறார். அதற்கு அவரை அடித்திருக்கிறார்கள். எட்டுச் சூளைகளில் அன்று மாலைக்குப் பிறகு நாலு பேர்தான் இறந்தார்கள். நால்வரும் வெள்ளிக்கிழமையே குடித்தவர்கள். கிழக்குச் சூளையில் பதினேழு பேர். அதில் மூன்று குழந்தைகள்.

எல்லாச் சாவும் வாந்தி பேதி என்றே பதிவானது.

பச்சையப்பன்மேல் போட்ட வழக்கு பூட்டை உடைத்தது, பஞ்சாயத்துச் சொத்தைத் திருடியது, வதந்தி பரப்பியது. எழுதிக் கொடுத்ததை மீறித் தானாகப் பேசினார் என்று வீரராகவன் சாட்சி சொன்னார். சொல்லும்போது பச்சையப்பனைப் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். கிழக்குச் சூளையிலும் சிலருக்கு இருந்தார்கள்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பூட்ட உடைச்சேங்க. ரேடியோவுல ரெண்டு சாமான் எடுத்தேங்க. அதுக்கு ஜெயில்ல போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி மூணு மணிக்கு கிழக்கு சூளையில நான் ஒண்ணு படிச்சேங்க. அதையும் எழுதிக்குங்க. பதினேழு பேர் அதைக் கேட்டுத்தான் செத்தாங்க. அந்தக் குத்தத்துக்கு ஏன் யாரும் கேஸு போடல?"

"அது இந்த வழக்கில் இல்லை."

"எந்த வழக்குலதாங்க கீது?"

குமாஸ்தாவின் பேனா நகரவில்லை. மூன்று மாதம் தண்டனை. லைசென்ஸ் ரத்து. ஆம்பிளிபயர் சாட்சிப் பொருளாகப் போனது; திரும்பி வரவில்லை.

1977 ஜனவரியில் சூளைகளில் மறுபடியும் கல் அறுக்கத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல் பச்சையப்பன் நடந்தே கிழக்குச் சூளைக்குப் போனார். இறந்தவர்களின் வீட்டாரைப் பார்த்து, அன்று பேசிய வாய் இதுதான் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போனார். அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பழைய குடும்பங்கள் ஊரோடு போய்விட்டன. சின்னப்பொண்ணு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. புது ஆட்கள், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அவரை வேடிக்கை பார்த்தார்கள்.

மேஸ்திரி மட்டும் பழைய ஆள். கூலி வரிசை நின்றது. வாங்கியவர் கையில் எல்லாம் ஒரு பாட்டில்.

பச்சையப்பன் ஒரு கல் அடுக்கின்மேல் ஏறி நின்றார். குழாய் இல்லாமல் அவர் குரல் மிகச் சிறியதாக இருந்தது. போன சித்திரையில் இதே இடத்தில் நடந்ததைச் சொன்னார். விளக்கைக் கொளுத்து என்று கேட்ட மனிதரைப் பற்றிச் சொன்னார். மூன்று குழந்தைகளைப் பற்றிச் சொன்னார்.

"யாருயா நீ?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இங்க பொய் சொன்னவன்."

சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி இரண்டு ஆட்களைக் கைகாட்டி அழைத்தார். அவர்கள் வருவதற்குள் ஒரு கிழவரும், இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண்ணும் பாட்டிலைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் வைக்கவில்லை. ஆட்கள் அவரைப் பிடித்து இழுத்துப் பாதையில் தள்ளினார்கள்.

எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பாதையில் நின்றபடியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.